பல்செட் ஊறவைக்கும் கரைசல்கள் ‘99.9% பூஞ்சையைக் கொல்லும்’ என்கிறார்களே, அதை எப்படிச் சோதிக்கிறார்கள்? நம்பலாமா?

கேள்வியின் விவரத்தில், அம்மாவின் பல்செட்டை தினமும் சுத்தம் செய்யும் மாத்திரை கரைத்த தண்ணீரில் ஊறவைத்தும் மேல் அண்ணத்தின் சிவப்பு போகவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பல் மருத்துவ மேற்படிப்பில் என் ஆய்வேடு கிட்டத்தட்ட இதுதான். பல்செட் செய்யும் அக்ரிலிக் பிளாஸ்டிக் வில்லைகளில், இந்தச் சிவப்போடு தொடர்புள்ள கேண்டிடா ஆல்பிகன்ஸ் பூஞ்சையை வளர்ப்பது, பிறகு அதைக் கொல்லப் பார்ப்பது. ஒன்றரை வருடம் கையெல்லாம் பேக்கரி வாசனை. கேண்டிடாவும் ஈஸ்ட்தானே!

முதலில் அந்த 99.9%. ஒரு கோடி செல்லில் 99.9% செத்தால் மிச்சம் பத்தாயிரம். நல்ல ஊட்டம் கிடைத்தால் ஓரிரு நாளில் பழைய கணக்குக்கு வந்துவிடும். அதைவிட முக்கியம், அந்த எண் எந்தப் பூஞ்சையை வைத்துக் கிடைத்தது என்பது. திரவத்தில் மிதக்கும் செல்களைக் கொல்வது சுலபம். பல்செட்டில் இருப்பவை மிதப்பவை அல்ல. அவை அக்ரிலிக்கில் ஒட்டி, நூல் நூலாக நீண்டு, தாங்களே சுரக்கும் பசைக்குள் புதைந்து கிடக்கும். இதைத்தான் பயோஃபிலிம், அதாவது உயிர்ப்படலம் என்கிறோம். தண்ணீர்த் தொட்டியின் உள்பக்கம் வழவழவென்று ஒரு பாசி பிடிக்குமே, அந்த ஜாதி. இந்தப் படலம் ஃப்ளூகோனசோல் போன்ற பூஞ்சைக்கொல்லி மருந்துக்கு மிதக்கும் கேண்டிடாவைவிட ஆயிரம் மடங்கு வரை தாக்குப்பிடிக்கக்கூடியது. பசையில் உள்ள பீட்டா குளூக்கான் என்ற சர்க்கரைச் சங்கிலி மருந்தை வழியிலேயே பிடித்து வைத்துக்கொள்கிறது.

சோதனை இப்படி நடக்கும். பல்செட் செய்யும் அதே அக்ரிலிக்கில் சின்ன வில்லைகள் செய்வோம். பல்செட்டில் அண்ணத்தைத் தொடும் பக்கத்தை யாரும் பாலிஷ் போடுவதில்லை, போட்டால் பொருத்தம் போய்விடும். அதனால் வில்லையும் அதே சொரசொரப்பில் இருக்கவேண்டும். கண்ணாடி மாதிரி தேய்த்த வில்லையில் சோதித்தால் எந்தக் கரைசலும் ஜெயித்துவிடும். அப்புறம் வில்லையை எச்சிலில் நனைத்து, கேண்டிடா கலவையில் 37 டிகிரியில் 90 நிமிடம் ஒட்டவிட்டு, ஒட்டாததைக் கழுவிவிட்டு, புது ஊட்டத் திரவத்தில் 48 மணி நேரம் வளர்ப்போம். அதன் பிறகுதான் கரைசலில் முக்குவது. ஒரு குழு வெறும் தண்ணீரில். கடைசியில் வில்லையில் மிஞ்சியதை அதிரவைத்து உதிர்த்து, படிப்படியாக நீர்க்கவைத்து, பூஞ்சை வளர்க்கும் கூழான சாபரோ அகாரில் பூசி, முளைக்கும் காலனிகளை, அதாவது பூஞ்சைப் பொட்டுகளை எண்ணவேண்டும்.

என் முதல் சுற்றிலேயே குளோர்ஹெக்ஸிடின் என்ற கிருமிநாசினியில் முக்கிய குழுவில் அத்தனை பிளேட்டும் துடைத்துவைத்த மாதிரி சுத்தம். தண்ணீர்க் குழுவில் பாலேடு நிறத்தில் பொட்டுப் பொட்டாக எண்ண முடியாத அளவுக்குக் காலனிகள். படம் எடுத்து நண்பர்களுக்கெல்லாம் அனுப்பிவிட்டேன். நுண்ணுயிரியல் மேடம் பிளேட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். “நியூட்ரலைசர் போட்டியாப்பா?”

போடவில்லை. வில்லையோடு ஒட்டிக்கொண்டு வந்த குளோர்ஹெக்ஸிடின், அகாரிலும் பூஞ்சையை முளைக்கவிடாமல் அமுக்கியிருக்கிறது. பத்து நிமிடத்தில் கொன்றதா, இரண்டு நாளாகத் தடுத்ததா என்று அந்தப் பிளேட்டை வைத்துச் சொல்ல முடியாது. நேரம் முடிந்த நொடியே கரைசலைச் செயலிழக்க வைக்கவேண்டும். குளோர்ஹெக்ஸிடினுக்கு லெசிதினும் ட்வீன் 80-உம், ஹைப்போகுளோரைட்டுக்கு, அதாவது ப்ளீச்சுக்குச் சோடியம் தயோசல்ஃபேட். சேர்த்து மறுபடி செய்தபோது காலனிகள் தாராளமாக வந்தன. மூன்று வார வேலை குப்பைக்கு. அன்றிலிருந்து எந்த ஆய்வுக் கட்டுரையை எடுத்தாலும் முதலில் தேடுவது நியூட்ரலைசர் போட்டார்களா என்ற அந்த ஒரு வரியைத்தான்.

இன்னொரு ஏமாற்று, செத்தது வேறு, போனது வேறு என்பதில் இருக்கிறது. கிரிஸ்டல் வயலட் சாயம் உயிருள்ளதையும் செத்ததையும் சேர்த்தே நிறமேற்றும். குளோர்ஹெக்ஸிடினில் ஊறிய வில்லையில் காலனிகள் குறைந்திருந்தாலும் ஊதா நிறம் அப்படியே அப்பியிருந்தது. செத்த படலம் வீடு காலி செய்யாமல் கிடக்கிறது. அடுத்து வரும் பூஞ்சைக்கு அது ரெடிமேட் மெத்தை. சோடியம் ஹைப்போகுளோரைட் மட்டும் வேறு ரகம். அது கொல்வதோடு புரதத்தையும் கரைத்துவிடுவதால் ஊதாவும் வெளுத்தது. மாத்திரைகள் என் வில்லைகளில் இரண்டு விதத்திலும் சுமார்தான். நுரை பொங்குவதும் நிறம் மாறுவதும் பார்க்க நன்றாக இருக்கும்.

சரி, உங்கள் அம்மா விஷயம். ஊறவைப்பதற்கு முன் தேய்க்கிறாரா? என் அனுபவத்தில் பாதிப் பேர் மாத்திரை இருக்கிறதே என்று பிரஷ்ஷை விட்டுவிடுகிறார்கள். பற்பசை வேண்டாம், அது அக்ரிலிக்கைக் கீறும், கீறலில் பூஞ்சை சுகமாக உட்காரும். சாதாரண சோப்பும் மென்மையான பிரஷ்ஷும் போதும். அண்ணத்தைத் தொடும் பக்கத்தைத்தான் அதிகம் தேய்க்கவேண்டும், ஆனால் எல்லாரும் வெளியே தெரியும் பல்லைத்தான் மினுக்குகிறார்கள்.

ஹைப்போகுளோரைட்டில் ஊறவைப்பதென்றால், அமெரிக்க புரோஸ்தோடான்டிஸ்ட் கல்லூரி என்ற செயற்கைப் பல் நிபுணர் சங்கத்தின் 2011 வழிகாட்டுதல் 10 நிமிடத்துக்கு மேல் கூடாது என்கிறது. 0.5% வலிமை போதும். பாட்டிலில் 5% என்று போட்டிருந்தால் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர். பிறகு நன்றாக அலசவேண்டும். உலோகக் கம்பியோ தகடோ உள்ள செட் என்றால் தொடவே வேண்டாம், அரித்துவிடும். உள்ளே மெத்தென்ற லைனிங் வைத்திருந்தாலும் மருத்துவரைக் கேட்காமல் செய்யாதீர்கள். ஆசிட் கலந்த கழிவறைத் திரவங்களை இதன் பக்கத்திலேயே கொண்டுபோகக் கூடாது, சேர்ந்தால் குளோரின் வாயு வரும். கொதிக்கும் தண்ணீரும் கூடாது, செட் வளைந்துவிடும்.

இரவில் கழற்றிவைக்கிறாரா என்பதையும் கேட்டுப் பாருங்கள். ‘ஊறவைக்கிறேன்’ என்பவர்கள் பலர் மதியம் அரை மணி நேரம் ஊறவைத்துவிட்டு, ராத்திரி செட்டோடுதான் தூங்குகிறார்கள். அண்ணத்துச் சிவப்பு பெரும்பாலும் வலிக்காது, அதனால் அவராகச் சொல்லமாட்டார். செட்டை மட்டும் சுத்தம் செய்தால் அது போகாமலும் இருக்கலாம். சர்க்கரை நோய் இருக்கிறதா, செட் தளர்ந்துவிட்டதா என்றும் பார்க்கவேண்டும். அடுத்த முறை பல் மருத்துவரிடம் போகும்போது செட்டைக் கழுவாமல், அன்று இருக்கிறபடியே எடுத்துப்போங்கள்.