தூங்கத் தெரிந்த ஜோடி – கடிதம்

அன்புள்ள அக்கா,

நீங்களும் உங்கள் கணவரும் அமெரிக்காவில் டிரக் ஓட்டிய நாட்களைப் பற்றி இரண்டொரு முறை எழுதியிருந்தீர்கள். அந்தத் தைரியத்தில்தான் இதைக் கேட்கிறேன். நானும் அவரும் போன மாதம், டிரெய்லர் இழுக்கும் பெரிய டிரக் ஓட்டுவதற்கான கிளாஸ் ஏ லைசென்ஸ் எடுத்துவிட்டோம். மகன் படிப்புக்காக வெளியே போய்விட்டான், வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். ஒரு நிறுவனம் எங்களை டீமாக, அதாவது ஒரே வண்டியை மாற்றி மாற்றி ஓட்டும் ஜோடியாக, வரச் சொல்கிறது. வண்டி ஒரு நாளைக்கு 22 மணி நேரம் ஓடுமாம், காசும் நிற்குமாம், ஒருவருக்கொருவர் துணையாகவும் இருக்கலாமாம். 24 மணி நேரமும் ஒரே கேபினுக்குள் இருந்தால் சண்டை வராதா என்பதுதான் என் பயம். அவருக்கு அந்தக் கவலையே இல்லை. உடனே சேர்ந்துவிடலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

சண்டை வரும். ஆனால் நீங்கள் நினைக்கிற காரணத்தால் வராது. டீம் வண்டியில் கணவனும் மனைவியும் சேர்ந்தாற்போல் விழித்திருக்கும் நேரம் மிகக் குறைவு. எங்களுக்கு முதல் மூன்று மாதம் அதிகம் பேச்சுவார்த்தை கிடையாது. கோபதாபம் ஒன்றுமில்லை, நான் எழும்போது அவர் படுத்துவிடுவார், அவ்வளவுதான். சீட்டில் உட்காருகிறவர் கண்ணாடிகளைத் தன் உயரத்துக்குத் திருப்பிக்கொள்வார், படுக்கப் போகிறவர் "மழை இருக்கு, பார்த்துப் போ" என்பார். அன்றைய குடும்பப் பேச்சு அதோடு முடிந்தது.

பயிற்சியில் விதிகளைச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். வேலையைத் தொடங்கியதிலிருந்து 14 மணி நேரத்துக்குள் அதிகபட்சம் 11 மணி நேரம் ஓட்டலாம், பிறகு தொடர்ந்து 10 மணி நேரம் ஓய்வு. ஓடும் வண்டியில் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் படுக்கையில் கிடப்பதும் அமெரிக்காவில் ஓய்வுக் கணக்கில் சேரும். டீம் தொழிலே இந்த ஒரு விதியின் மேல்தான் நிற்கிறது. ஐரோப்பாவில் இரண்டு ஓட்டுநர் இருந்தாலும் தினசரி ஓய்வுக்கு வண்டி நின்றாக வேண்டும். 30 மணி நேரத்துக்குள் இருவருக்கும் 9 மணி நேரம் நிறுத்தம். அங்கே ஜோடியாக ஓட்டினால் ஜோடியாகத் தூங்கலாம். நீங்கள் போகும் இடத்தில் அதற்கு வழியில்லை.

ஒரு சின்ன ஆறுதல் உண்டு. படுக்கையில் தொடர்ந்து 7 மணி நேரம் இருந்தால், அதற்கு முன்போ பின்போ ஒட்டினாற்போல் 3 மணி நேரம் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வருவதையும் ஓய்வாகவே எழுதிக்கொள்ளலாம். 2020 செப்டம்பர் வரை இது 8, 2 என்று இருந்தது. யாரை மனதில் வைத்து மாற்றினார்களோ தெரியாது, புருஷன் பெண்டாட்டிக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைத்தது. அந்த 3 மணி நேரத்தை விட்டுவிடாதீர்கள். வீட்டுக் கணக்கு, மகனுக்குப் போன், மனத்தாங்கல் எல்லாம் அங்கேதான்.

அந்த 22 மணி நேரக் கதையையும் பார்த்துவிடுவோம். 8 நாளில் 70 மணி நேர வேலை முடிந்தால் அதற்குமேல் ஓட்டக் கூடாது என்று இன்னொரு விதி இருக்கிறதல்லவா? தினமும் 11 மணி நேரம் ஓட்டினால் ஆறு நாளில் 66 ஆகிவிடும். லோடு ஏற்றக் காத்திருப்பது, வண்டியைச் சோதிப்பது எல்லாம் அந்த 70-க்குள்தான். அப்புறம் தொடர்ந்து 34 மணி நேரம் ஓய்வு எடுத்தால் கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். ஆகவே 22 என்பது நல்ல நாளின் கணக்கு, மாதக் கணக்கு இல்லை. சேர்வதற்கு முன் ஒன்று கேளுங்கள்: அந்த 34 மணி நேரம் எங்கே நிற்போம், வீட்டிலா, ஏதோ ஒரு டிரக் ஸ்டாப்பிலா?

இனி தூக்கம். என்னைக் கேட்டால் டீமுக்கு ஓட்டத் தெரிவதைவிடத் தூங்கத் தெரிவது முக்கியம். லைசென்ஸ் தேர்வில் இதை யாரும் சோதிப்பதில்லை.

கொலராடோவில் ஐ-70 நெடுஞ்சாலையில் ஐசன்ஹோவர் சுரங்கம் சுமார் 11,000 அடி உயரத்தில் இருக்கிறது. அதைத் தாண்டி மேற்கே செங்குத்தான இறக்கம். பிரேக் பிடிக்காத டிரக்குகள் ஏறி நிற்பதற்கென்றே ஓரத்தில் சரளைக்கல் மேடுகள் போட்டிருப்பார்கள். எங்கள் இரண்டாவது வாரத்தில் இரவு அவர் ஓட்டினார், நான் படுக்கையில். விழுந்துவிடாமல் இருக்கப் படுக்கைக்குக் குறுக்கே ஒரு வலை உண்டு, அதன் கொக்கி மாட்டியிருந்தது. திரைக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறதென்று தெரியவில்லை. என்ஜின் பிரேக் உறுமுவது கேட்டது, நின்றது, மறுபடி உறுமியது. நான் வலது காலால் மெத்தையை மிதித்துக்கொண்டே இருந்தேன். கீழே இறங்கி முடிப்பதற்குள் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. அடுத்து ஓட்ட வேண்டியது நான். ஒரு நிமிஷம்கூடத் தூங்கவில்லை.

மறுநாள் அவரிடம் சொன்னேன். பெரிதாக வாதாடவில்லை. அடுத்த இறக்கத்தில் மேலேயே கியரைக் குறைத்துக்கொண்டு, ஒரே சீராக, அலுங்காமல் இறக்கினார். படுத்திருப்பவள் எழக் கூடாது என்று ஓட்டப் பழகிய பிறகுதான் அவர் நல்ல ஓட்டுநர் ஆனார். நானும் அப்படித்தான்.

இன்னொன்று. சிரிக்காதீர்கள். நள்ளிரவு தாண்டி ஒரு டிரக் ஸ்டாப்பில் நான் தூக்கக் கலக்கத்தில் கழிப்பறைக்கு இறங்கிப் போனேன். அவர் காபி வாங்கப் போயிருந்தார். திரும்பி வந்தவர் திரை மூடியிருப்பதைப் பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்பிவிட்டார். என் செல்போன் படுக்கையில். கல்லாவில் இருந்த பெண்ணின் போனை வாங்கிக் கூப்பிட்டேன். "என் பெண்டாட்டி தூங்குகிறாள், யார் நீங்கள்?" என்றார் மெதுவான குரலில். 53 அடி டிரெய்லரை நினைத்த இடத்தில் திருப்ப முடியுமா? நெடுஞ்சாலையிலிருந்து வெளியேறும் அடுத்த வழி வரை போய்ச் சுற்றிக்கொண்டு வந்தார். அன்றிலிருந்து, இறங்கிப் போகிறவர் தலையணையை ஓட்டுநர் சீட்டில் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். இது பல ஜோடிகளுக்கு நடந்த கதைதான், ஆளுக்கொரு அடையாளம் வைத்திருக்கிறார்கள்.

உடனே சேரலாமா என்றால், முதலில் ஆளுக்கொரு பயிற்சியாளரோடு தனித்தனி வண்டியில் போய்விட்டு வாருங்கள் என்பேன். அவர் முகம் சுருங்கும், பரவாயில்லை. இருவரும் புதிது என்றால் சீட்டில் இருப்பவருக்குத் தெரியாதது படுக்கையில் இருப்பவருக்கும் தெரியாது. அதோடு, புருஷனிடம் வண்டி கற்பதைப் போன்ற தண்டனை வேறில்லை. பின்னால் எடுப்பதில் மட்டும் சேர்ந்து பழகுங்கள். ஒருவர் இறங்கி நின்று கை காட்டட்டும். கை காட்டுகிறவர் கண்ணாடியில் தெரியாமல் போன கணமே வண்டி நிற்க வேண்டும், எவ்வளவு அவசரமானாலும்.

பணத்தைப் பற்றி ஒன்றே ஒன்று. இரண்டு சம்பளமும் ஒரே வண்டியிலிருந்து வருகிறது. ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால், மற்றவர் தனியாக ஓட்டுவதற்கு லோடு தருவார்களா என்று இப்போதே கேட்டு எழுதி வாங்குங்கள்.

இவ்வளவு எழுதினீர்களே, இரவு ஓட்டுவது யார் என்று எழுதவில்லையே? பேசிவிட்டீர்களா?