பார்க்காமலே முழு விலை தருகிறாரா? டிரைமரான் விற்பவருக்குச் சில வார்த்தைகள்

கேள்வி: சான் டியேகோவில் இருக்கிறேன். 1991-ல் கட்டிய எஃப்-27 மடக்கு டிரைமரான் (நடுவில் ஓர் உடலும் இருபக்கமும் மடக்கக்கூடிய மிதவைகளும் கொண்ட பாய்மரப் படகு) ஒன்று வைத்திருக்கிறேன். சோலார் தகடு, ஆட்டோபைலட், குளிர்பெட்டி, இரண்டு நங்கூரம், 200 அடி சங்கிலி என நீண்ட பயணத்துக்கு வேண்டிய எல்லாம் படகில் உண்டு. அந்தச் சாமான்களுக்கே 14,000 டாலர் ஆயிற்று. 38,000 கேட்கிறேன், ஐந்து மாதமாக விலை போகவில்லை. இப்போது ஒருவர் படகைப் பார்க்காமலே முழுத் தொகைக்கும் கேஷியர்ஸ் செக் (வங்கியே தன் பெயரில் எழுதித் தரும் காசோலை) அனுப்புவதாகச் சொல்கிறார். ஒத்துக்கொள்ளலாமா? அல்லது புரோக்கரிடம் விட்டுவிடலாமா? டிசம்பருக்குள் விற்க ஆசை.

பதில்: அந்த செக்கைத் தொடாதீர்கள். அடுத்த கடிதத்தில் அவர் என்ன எழுதுவார் என்று நானே சொல்லிவிடுகிறேன். "தவறுதலாக மூவாயிரம் கூடுதலாக எழுதிவிட்டேன், அதை மட்டும் படகை ஏற்றிப்போக வரும் லாரிக்காரருக்கு அனுப்பிவிடுங்கள்" என்பார். செக்கைப் போட்ட ஓரிரு நாளில் உங்கள் கணக்கில் பணம் ஏறியதாகக் காட்டும், ஏனென்றால் வங்கி அதைச் சீக்கிரம் காட்டியாக வேண்டும் என்பது விதி. செக் போலி என்று தெரியவர வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் நீங்கள் அனுப்பிய மூவாயிரம் யாரோ ஒருவன் பையில். வங்கி உங்களிடம்தான் திருப்பிக் கேட்கும். இத்தனை ஆண்டுகளாக எல்லோருக்கும் தெரிந்த மோசடி இது. இன்னமும் வங்கிகள் தடுக்க வழி செய்யாமல், "கவனமாக இருங்கள்" என்று அறிவிப்பு ஒட்டுவதோடு சரி.

இதற்கு ஒரு தம்பி உண்டு. "இந்த இணையதளத்தில் படகின் வரலாற்று அறிக்கை எடுத்து அனுப்புங்கள், இருபது டாலர்தான்" என்பான். அந்தத் தளமே அவனுடையதுதான். கார்டு எண்ணைக் கொடுத்துவிடாதீர்கள்.

நிஜமாக வாங்குகிறவர் உங்களுக்கு எரிச்சல் மூட்டுவார். டிரெய்லருக்கு அடியில் படுத்துப் பார்ப்பார், பாயை விரிக்கச் சொல்வார், விலையைக் குறைக்கச் சொல்வார். பணம் வாங்கும் நாளில் அவரோடு அவருடைய வங்கிக் கிளைக்கே போங்கள். உங்கள் கண் முன்னால் செக் எழுதட்டும், அல்லது வங்கியிலிருந்து நேரே உங்கள் கணக்குக்குப் பணத்தை வயர் அனுப்பட்டும். உங்கள் வங்கி "வந்துவிட்டது" என்று வாயால் சொன்ன பிறகுதான் கையெழுத்து.

சரி, ஐந்து மாதமாக ஏன் போகவில்லை? சொன்னால் கோபப்படாதீர்கள், அந்த 14,000 டாலர் சாமான்தான் காரணம். நியூசிலாந்துக்காரர் இயன் ஃபாரியர் வரைந்து, 1980-களில் உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே சுலா விஸ்டாவில் கட்டத் தொடங்கிய படகு இது. விரித்தால் 19 அடி அகலம்; மடக்கினால் 8 அடி 5 அங்குலம். நெடுஞ்சாலையில் அனுமதிச் சீட்டு இல்லாமல் இழுத்துப்போக வரம்பு 8 அடி 6 அங்குலம். அந்த ஓர் அங்குலத்துக்கும் அதன் வேகத்துக்கும்தான் ஆட்கள் காசு கொடுக்கிறார்கள். காலிப் படகின் எடையே ஏறக்குறைய 1,200 கிலோதான். உங்கள் சங்கிலி 5/16 அங்குலம் என்றால் 200 அடிக்கு நூறு கிலோ வரும். அடியில் ஈயம் சுமக்கும் சாதாரணப் படகுக்கு நூறு கிலோ ஒரு பொருட்டே இல்லை. உங்களுடையதில் ஈயமே கிடையாது, அகலம்தான் அதைக் கவிழாமல் நிறுத்துகிறது. அதில் நூறு கிலோவை மூக்கில் ஏற்றி வைத்தால், சோதனை ஓட்டத்திலேயே வாங்க வந்தவர் முகம் வாடிவிடும்.

ஆகவே சாமான்களை இறக்குங்கள். ஆட்டோபைலட்டும் ஒரு நங்கூரமும் கொஞ்சம் சங்கிலியும் நல்ல கயிறும் இருக்கட்டும். மீதியைத் தனியாக விற்றால் கொடுத்ததில் கால்வாசி வந்தாலும் லாபமே, ஏனென்றால் படகோடு சேர்த்து விற்றால் அதுவும் வராது. பயணத்துக்காகவே தேடுகிறவர் யாராவது வந்தால், கராஜில் இருப்பதைக் காட்டி அப்புறம் பேசிக்கொள்ளலாம். காலி செய்த படகுக்கு நான் முப்பதாயிரத்துக்குக் கீழே ஒரு எண்ணைத்தான் எழுதுவேன்.

இன்னொரு விஷயம் புகைப்படத்தில் தெரியாது, ஆனால் நேரில் வருகிறவர் கண்ணில் முதலில் படும். துறையில் படகை மடக்கிய நிலையில் கட்டி வைத்திருந்தால் பக்க மிதவைகள் இரண்டும் ஒருக்களித்துத் தண்ணீரில் கிடக்கும். பாசி பிடிக்காத பெயின்ட் அடிக்காத வெள்ளைப் பகுதி முழுகிவிடும். நான் பரிசோதித்த ஒரு படகில் அந்த இடம் பூராவும் கொட்டலசு ஒட்டி, சுரண்டிய பிறகும் வட்ட வட்டமாக அம்மைத் தழும்பு போல நின்றது. வாங்க வந்தவர் அதில் விரலை வைத்துத் தடவிக்கொண்டே இரண்டாயிரம் குறைத்தார். படகை வெளியே எடுத்து, தேய்த்து, உலர்த்தி, டிரெய்லர் மேல் வைத்துக் காட்டுங்கள். மிதவைகளைப் பிடித்திருக்கும் நான்கு போல்ட்டுகளையும் கழற்றித் துடைத்து மாட்டுங்கள். ஒருவர் மிதவையின் நுனியைத் தூக்கி ஆட்டும்போது மூட்டில் விரல் வைத்துப் பாருங்கள்; அசைவு தெரிந்தால் நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுவது நல்லது.

புரோக்கர் விஷயம். கமிஷன் வழக்கமாகப் பத்து சதவீதம். ஆனால் சின்னப் படகுக்குக் 'குறைந்தபட்சக் கமிஷன்' என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். அது பத்தைத் தாண்டிவிடும். ஆறு மாத முழு உரிமை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால், உங்கள் பக்கத்து வீட்டுக்காரரே வாங்கினாலும் கமிஷன் உண்டு. ஏற்கெனவே விசாரித்தவர்களின் பெயர்களை எழுதி, இவர்களுக்கு விற்றால் கமிஷன் இல்லை என்று ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். முகம் சுளித்தால் எழுந்து வந்துவிடுங்கள். கலிபோர்னியாவில் படகு புரோக்கருக்கு மாநில உரிமம் வேண்டும், முன்பணத்தைத் தனி டிரஸ்ட் கணக்கில் வைக்க வேண்டும். உரிம எண்ணைக் கேளுங்கள். என்னைக் கேட்டால், இந்த விலைக்கு நீங்களே விற்றுவிடலாம்.

டிசம்பர் என்று சரியாகத்தான் சொன்னீர்கள், ஆனால் ஏன் என்று தெரிந்துதான் சொன்னீர்களா என்று தெரியவில்லை. படகுக்கு கவுண்டி (மாவட்ட நிர்வாகம்) ஆண்டுதோறும் சொத்து வரி போடுகிறது. ஜனவரி 1 அன்று யார் பெயரில் இருக்கிறதோ அவர் அந்த ஆண்டு முழுமைக்கும் கட்ட வேண்டும். ஜனவரி 2-ஆம் தேதி விற்றாலும் முழு வரி உங்களுடையது. மாதக் கணக்கில் பிரித்துக் கொடுக்க மாட்டார்கள். "நான் பிப்ரவரியிலேயே விற்றுவிட்டேனே" என்று பில்லைத் தூக்கிக்கொண்டு எத்தனையோ பேர் வந்துவிட்டார்கள், பதில் ஒன்றுதான். இரண்டு பேரும் பேசிப் பங்கு போட்டுக்கொள்ளலாம், அது உங்களுக்குள் உள்ள ஏற்பாடு. பில் உங்கள் வீட்டுக்குத்தான் வரும். விற்ற ஐந்து நாளுக்குள் மாநில வாகனப் பதிவுத் துறையான டி.எம்.வி.க்கு அறிவிப்பு கொடுக்க வேண்டும். அதோடு கவுண்டி மதிப்பீட்டு அலுவலகத்துக்கும் நீங்களே தனியாக எழுதுங்கள். ஓர் அலுவலகத்தில் சொன்னது இன்னொன்றுக்குத் தானாகப் போய்ச் சேரும் என்று நம்பிக் கெட்டவர்கள் நிறைய.

கடைசியாக, டிரெய்லர். அதற்குத் தனி நம்பர், தனி டைட்டில் (உரிமைப் பத்திரம்). படகின் டைட்டிலில் அது அடங்காது. எஃப்-27 விற்பனை கடைசி நாளில் நின்றுபோவதை நான் பார்த்த இரண்டு தடவையும் டிரெய்லர் டைட்டில் காணாமல்போனதுதான் காரணம். ஒரு முறை அது இன்னும் முந்தைய உரிமையாளர் பெயரிலேயே இருந்தது. டயரையும் பாருங்கள், பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும், 2314 என்றால் 2014-ன் 23-வது வாரம். டயர் மாற்றுவது ஒரு நாள் வேலை. டைட்டில் தொலைந்திருந்தால் நகல் வாங்க எத்தனை நாள் ஆகும் என்பது டி.எம்.வி.யின் சித்தம், ஆகவே இன்றைக்கே அலமாரியைத் திறந்து பாருங்கள்.