அக்காவிடம் கேளுங்கள்: காக்கா தூக்கிக்கொண்டு போகவில்லை

கேள்வி: அன்புள்ள அக்கா, சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டக் குடியிருப்பில் இருக்கிறோம். மகளுக்கு 2 வயது 4 மாதம். நான் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்ப்பதால் பிள்ளையை மாமிதான் பார்த்துக்கொள்கிறார். புத்திங் (பிள்ளைகள் சப்பும் ரப்பர் காம்பு) வாயை விட்டு இறங்குவதே இல்லை. பேசுவதும் அதை வைத்துக்கொண்டேதான். முன்பல்லில் இடைவெளி தெரிகிறது, இந்த வருடம் இரண்டு தடவை காதுவலியும் வந்துவிட்டது. வேப்பெண்ணெய் தடவினால் ஒரே நாளில் விட்டுவிடுவாள் என்கிறார் மாமி. என் வீட்டுக்காரர் ஒருநாள் ராத்திரி பிடுங்கி வைத்தார். அவள் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டில் விளக்குப் போட்டார்கள், இரண்டு மணிக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். எனக்கு இப்போது ஏழு மாதம். குழந்தை வருவதற்குள் இதை நிறுத்த வழி சொல்லுங்கள். – ஒரு தாய், சுங்கை சிப்புட்

பதில்: தங்கச்சி, முதலில் அந்த வேப்பெண்ணெய்ப் பாட்டிலை எடுத்து உயரத்தில் வையுங்கள். மாமி கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, தெரியாமல் சொல்கிறார். சின்னப் பிள்ளையின் வயிற்றுக்குள் வேப்பெண்ணெய் போனால் வாந்தி, மயக்கம், வலிப்பு வரைக்கும் போகும். நம் மலேசியாவிலேயே இந்தியப் பிள்ளைகளுக்கு இப்படி நடந்ததை மருத்துவர்கள் 1980களின் தொடக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். மிளகாயும் வேண்டாம். புத்திங் நுனியை வெட்டி வைப்பதும் வேண்டாம், பிய்ந்த ரப்பர் துண்டு தொண்டையில் சிக்கும்.

அடுத்தது, "குழந்தை வருவதற்குள்" என்ற அவசரம். இன்னும் இரண்டு மாதத்தில் உங்கள் மடியில் வேறொரு பிள்ளை படுத்திருக்கும். அதே சமயத்தில் புத்திங்கும் போய்விட்டால், பாப்பா வந்துதான் எல்லாம் போச்சு என்று அவள் மனசில் முடிந்துகொள்வாள். நாள் கணக்கைப் பாருங்கள். பிரசவத்தின்போது அவளுக்கு இரண்டரை வயது. உங்களுக்கு 98 நாள் பிரசவ விடுப்பு உண்டு, 2023 முதல் சட்டம் அப்படித்தான். அதில் எழுபது நாள் போனாலும் அவளுக்கு 2 வயது 8 மாதம்தான். பல் மருத்துவர்கள் 3 வயதுக்குள் நிறுத்தச் சொல்கிறார்கள். ராத்திரிப் பழக்கத்தை அந்த விடுப்பின் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி ஷிப்டு கிடையாது, நீங்களே பக்கத்தில் இருப்பீர்கள்.

பகல் பழக்கத்தை மட்டும் இப்போதே குறைக்கலாம், குறைக்கவும் வேண்டும். புத்திங் சப்பும் பிள்ளைகளுக்கு நடுக்காதில் சீழ் பிடிப்பது கொஞ்சம் அதிகம். மறுபடியும் காதைப் பிடித்துக்கொண்டு அழுதால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் கிளினிக்குக் கொண்டுபோங்கள். பல்லைப் பற்றி ஒரு வார்த்தை: பக்கத்துப் பக்கத்துப் பல்லுக்கு நடுவே இடைவெளி இருந்தால் அது பால்பல்லுக்கு இயல்பு. வாயை மூடிக் கடிக்கும்போது மேல் முன்பல்லும் கீழ் முன்பல்லும் தொடாமல் நின்றால்தான் அது புத்திங் செய்த வேலை. அதுவும் சீக்கிரம் நிறுத்தினால் பெரும்பாலும் தானாகச் சேர்ந்துவிடும். பல் கிளினிக்கில் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

பகலில் புத்திங்குக்கு ஓர் இடம் வையுங்கள். அது தொட்டிலாகவோ தலையணையாகவோ இருக்கட்டும். வேண்டுமென்றால் அங்கே போய்ப் படுத்துச் சப்பலாம், எழுந்தால் அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டும். பிடுங்காதீர்கள், திட்டாதீர்கள். படுத்திருக்கச் சலிப்பாக இருக்கும், கோழியைத் துரத்த வெளியே ஓடிவிடுவாள். பேச வந்தால், "வாயில வச்சிருந்தா பாட்டிக்குப் புரியலடா, எடுத்துட்டுச் சொல்லு" என்று மாமி காத்திருக்கட்டும். பகல் முழுக்கப் பிள்ளை மாமியிடம்தான். ஆகவே இந்தத் திட்டமே அவருடையதாக இருக்க வேண்டும். "இப்படிச் செய்யுங்க" என்று சொல்லாமல், "மாமி, நீங்க சொன்னாத்தான் அவ கேட்பா" என்று ஆரம்பியுங்கள். அது உண்மையும்கூட.

நான் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். விடியுமுன்னே பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு முன் பெயர் கூப்பிடும் இடத்துக்குப் போகும் அம்மா என்னை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டுப் போவார். சாரத் தொட்டில்கள் வரிசையாகத் தொங்கும். அழுகிற பிள்ளை வாயில் ஆயா சீனி முடிந்த துணியை வைப்பார். அந்தக் காலத்துப் பிள்ளைகளின் முன்பல் கறுத்துக் கிடந்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் ஆயாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஒருவருக்கு அத்தனை பிள்ளைகள்.

பிறகு நான் தாதியானேன். ஊருக்கெல்லாம் புத்தி சொல்லிவிட்டு என் மகன் விஷயத்தில் தவறு செய்தேன். அவனுக்கு அப்போது இரண்டரை வயது. என் அம்மா புத்திங்கைப் பின்பக்கக் கால்வாயில் வீசிவிட்டு, "காக்கா தூக்கிட்டுப் போயிடுச்சு" என்றார். நானும் ஆமாம் என்று தலையாட்டினேன். இரண்டு நாளில் அவன் சப்புவதை மறந்தான், நாங்களும் ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தோம். அப்புறம் பல வாரம், கூரையில் காக்கா கத்தினால் போதும், ஓடிப்போய் தன் செருப்பையும் சின்ன லாரியையும் எடுத்துக் கட்டிலுக்கடியில் ஒளித்து வைப்பான். தன் சாமான் எல்லாம் ஒவ்வொன்றாகப் போய்விடும் என்று அந்தச் சின்ன மனசு பயந்திருக்கிறது. அவன் இன்று இரண்டு பிள்ளைக்குத் தகப்பன். கட்டிலுக்கடியில் அந்த ஒற்றைச் செருப்பைப் பார்த்த நாளை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. அதனால் கேட்டுக்கொள்கிறேன், அவளிடம் பொய் சொல்லாதீர்கள்.

ராத்திரிக்கு நாள் குறித்ததும் மூன்று நாள் முன்பே சொல்லிவிடுங்கள்: "வெள்ளிக்கிழமை ராத்திரியிலிருந்து புத்திங் இல்லாம தூங்கப்போறோம்." அன்றைக்கு ஒரு மைலோ டின்னைக் கொடுத்து அவள் கையாலேயே உள்ளே போட்டு மூடச் சொல்லுங்கள். அழுவாள். அது நியாயமான அழுகை. பக்கத்தில் படுத்து முதுகைத் தட்டிக்கொடுங்கள். உங்கள் பழைய சேலைத் துண்டு ஒன்றைக் கையில் கொடுங்கள், உங்கள் வாசனை அதில் இருக்கும். அந்த நேரத்தில் சின்னது பாலுக்கு அழுதால் அதை மாமியோ வீட்டுக்காரரோ கொஞ்ச நேரம் பார்க்கட்டும். நான் பார்த்த பிள்ளைகளில் முதல் மூன்று ராத்திரிதான் கடினம், ஒரு வாரத்தில் அடங்கிவிடும். இரண்டு மணிக்குத் திருப்பிக் கொடுத்தால் மட்டும், அடுத்த நாள் இரண்டு மணி வரை அழ வேண்டும் என்று அவள் கற்றுக்கொள்வாள். இதை உங்கள் வீட்டுக்காரரிடம் முன்பே பேசி முடிவெடுங்கள். காய்ச்சல் வந்தால் தள்ளிப்போடுங்கள், அது தோல்வி இல்லை.

கேள்வி: அக்கா, என் பேரனுக்கு 8 மாதம். புத்திங்கைத் தேனில் தொட்டுக் கொடுத்தால் சமர்த்தாக இருக்கிறான். கீழே விழாமலிருக்கக் கறுப்புக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டிருக்கிறோம். தொடரலாமா? – ஒரு பாட்டி, பீடோர்

பதில்: இரண்டையும் இன்றைக்கே நிறுத்துங்கள் அம்மா. 1 வயதுக்குள் ஒரு சொட்டுத் தேனும் கூடாது. அதிலிருக்கும் கிருமி குழந்தையின் குடலில் வளர்ந்து, உடம்பைத் துவளவைத்து, மூச்சையே அடக்கிவிடக்கூடும். பொட்டுலிசம் என்பார்கள். கயிறு தொட்டில் கம்பியில் மாட்டினால் கழுத்தை இறுக்கும். புத்திங் விழுந்தால் விழட்டும், கழுவிக் கொடுங்கள். வாரம் ஒருமுறை காம்பை இழுத்துப் பாருங்கள். பிசுபிசுத்தோ விரிசல் விட்டோ இருந்தால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியது வாங்குங்கள்.