என் பையனுக்கு எத்துப்பல். பள்ளியில் விளையாடும்போது முன்பல் உடைந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. விளையாட விடலாமா?

தாராளமாக விடுங்கள். நான் பல் மருத்துவர். முன்பல் உடைந்து வரும் பிள்ளைகளைக் கூட்டிவரும் பெற்றோர் முதலில் சொல்வது, "இவன் சரியான வாலு, டாக்டர்". வாலுத்தனம் ஒரு காரணம்தான். ஆனால் பக்கத்து பெஞ்ச் சாதுவான பிள்ளைக்கும் பல் உடைகிறது. அதனால் நான் முதலில் பார்ப்பது குணத்தை அல்ல, உதட்டை.

மேல் முன்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் இடையே முன்பக்கமாக 2, 3 மில்லிமீட்டர் இடைவெளி இருப்பது இயல்பு. அதைத் தாண்டினால் அடிபடும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கு ஆகிறது. அதோடு மேலுதடும் குட்டையாக இருந்தால் இன்னும் மோசம். விழும்போது அடியை வாங்கிக்கொள்ள வேண்டிய மெத்தை உதடுதான். அது பல்லை மூடவில்லை என்றால் பல் நேராகத் தரையில் மோதும். பையன் டிவி பார்க்கும்போது பக்கவாட்டில் இருந்து கவனியுங்கள். வாய் தானாக மூடியிருக்கிறதா? கீழுதடு மேல்பல்லுக்குப் பின்னால் போய் மடங்குகிறதா? மூக்கடைப்பால் வாயால் மூச்சு விடுகிற பிள்ளை, விரல் சூப்பும் பழக்கத்தை விடாத பிள்ளை இரண்டையும் இந்த வரிசையில் அடிக்கடி பார்க்கலாம். ஏற்கெனவே ஒருமுறை அடிபட்ட பிள்ளைக்கு மறுபடியும் அடிபட வாய்ப்பு அதிகம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வயது என்று பார்த்தால் 8 முதல் 12 வரை. பையன்களுக்கு அதிகம், பெண் பிள்ளைகளும் அதே அளவு ஓடியாடும் இடங்களில் அந்த வித்தியாசம் குறைகிறது. 8 வயதில் உடைவதுதான் எங்களுக்குத் தலைவலி. முன்பல் வெளியே வந்திருக்கும், ஆனால் வேர் வளர்ந்து முடிய இன்னும் 2, 3 வருஷம் ஆகும். நடுவில் நரம்பு செத்துவிட்டால் வேர் அதோடு நின்றுவிடும்.

எங்கே அடிபடுகிறது என்று கேட்டால் மைதானம் மட்டும் என்று நினைக்காதீர்கள். இன்டர்வெல் மணி அடித்ததும் தண்ணீர்த் தொட்டிக் குழாயில் வாய் வைத்துக் குடிக்கிறவனைப் பின்னால் இருந்து ஒருவன் தள்ளுவான். எவர்சில்வர் பாட்டிலை அண்ணாந்து குடிக்கும்போது நண்பன் முதுகில் தட்டுவான். ஸ்கூட்டரில் முன்னால் நிற்க வைத்துக் கூட்டிப் போகும் பழக்கத்தை தயவுசெய்து விடுங்கள். சடன் பிரேக் போட்டால் பிள்ளையின் வாய் நேராக ஹேண்டில்பாரில்தான்.

உங்கள் பையனுக்கு 7, 8 வயது என்றால் ஒருமுறை பல் சீரமைப்பு மருத்துவரிடம் காட்டுங்கள். சின்ன வயதிலேயே கிளிப் போடுவதால் பல்வரிசை கூடுதலாக அழகாகிவிடாது. பதின்ம வயதில் போட்டாலும் அதே பலன்தான். ஆனால் இடைப்பட்ட வருஷங்களில் முன்பல் அடிபடுவது குறைகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. இடைவெளி மிக அதிகமாக இருந்தால் மட்டும் நான் சீக்கிரம் தொடங்கச் சொல்வேன். கபடி, ஹாக்கி, பாக்ஸிங் என்று போனால் மவுத்கார்டு (பல்லுக்கு மேல் மாட்டும் பாதுகாப்பு உறை) அவசியம். வெந்நீரில் போட்டுக் கடித்துப் பதிய வைக்கும் வகை விளையாட்டுச் சாமான் கடைகளில் கிடைக்கும். பல் முளைத்துக்கொண்டிருக்கும் வயது என்பதால் அவ்வப்போது மாற்ற வேண்டியிருக்கும்.

அப்படியும் நிலைப்பல் வேரோடு விழுந்துவிட்டால் வேரைத் தொடாமல் மேல்பகுதியைப் பிடித்து, அழுக்கிருந்தால் லேசாக அலசி, அதே குழியில் செருகிவிட்டு உடனே கிளம்புங்கள். முடியாவிட்டால் பாலில் போட்டு எடுத்து வாருங்கள். பேப்பரில் மடித்துக் காயவிட்டால் ஒரு மணி நேரத்தில் வேரைச் சுற்றியுள்ள உயிரணுக்கள் செத்துவிடும். பால் பல் என்றால் திரும்பச் செருகவே கூடாது. பாதி உடைந்த துண்டு கிடைத்தாலும் தூக்கிப் போடாதீர்கள், பல நேரம் அதையே ஒட்டிவிடுகிறோம்.