மழை வெயில் பட்ட பழைய உத்திரத்தை இழைத்துவிடலாமா?

கடலூர் முதுநகர் வாசகர் ஒருவர், தாத்தா காலத்து ஓட்டு வீட்டைப் பிரித்தபோது கிடைத்த இரண்டு தேக்கு உத்திரங்களும் சில பனங்கைகளும் பச்சைப் பெயின்ட் அடித்த ஒரு கதவும் ஓராண்டாகக் கொல்லையில் கிடப்பதாகவும், அவற்றைக் கொண்டு வீட்டுக்குள் ஒரு பெஞ்சும் சுவர்ப் பலகையும் செய்ய விரும்புவதாகவும் எழுதியிருக்கிறார். முழுக்க இழைத்து பாலிஷ் போட வேண்டும் என்கிறாராம் ஆசாரி. வாசகருக்கோ அந்தச் சாம்பல் நிறம் போய்விடக் கூடாது.

இழைக்க வேண்டிய இடங்கள் உண்டு, ஆனால் முழுக்க வேண்டியதில்லை. வெயில் மரநார்களைப் பிணைத்திருக்கும் லிக்னினைச் சிதைக்க, மழை அதைக் கழுவிக்கொண்டு போக, மிஞ்சிய நார்தான் சாம்பலாகத் தெரிகிறது. இந்தத் தோல் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. இழைப்புளி இரண்டு முறை ஓடினால் போய்விடும், மறுபடி வர இன்னொரு மழைக்காலம் காத்திருக்க வேண்டும். ஆகவே இணைப்புகள் பொருந்தும் முகங்களை மட்டும் இழைக்கச் சொல்லுங்கள். உட்காரும் பரப்பைப் பித்தளைக் கம்பி பிரஷால் நார் ஓடும் திசையிலேயே தேய்த்து, 120 எண் உப்புத்தாளை லேசாக ஓட்டினால் போதும். இரும்புக் கம்பி பிரஷ் வேண்டாம்: உதிர்ந்த கம்பித் துணுக்கு ஈரம் பட்டதும் தேக்கில் கரும்புள்ளியாக ஊறிவிடும்.

அதற்கும் முன்னால் மரத்தைச் சோதிக்க வேண்டும். குண்டூசித் தலை அளவுத் துளைகள் இருந்தால், அடியில் கறுப்புத் தாள் விரித்து மரத்தைச் சுத்தியலால் தட்டிவிட்டு, மறுநாள் காலையிலும் பாருங்கள். தட்டியபோது கொட்டியதைத் துடைத்த பின்னும் மாவு போன்ற புதுத் தூள் விழுந்திருந்தால் வண்டு உள்ளே உயிரோடு இருக்கிறது. இந்த உளு பெரும்பாலும் ஓரத்து வெளிறிய பகுதியைத்தான் தின்னும். அதை அறுத்து நீக்கிவிட்டு, மிச்சத்துக்குப் போரிக் அமிலமும் வெண்காரமும் கலந்த கரைசலைப் பூசலாம். தண்ணீரில் கரைந்து போகும் மருந்து என்பதால் வீட்டுக்குள் இருக்கும் பொருளுக்கே இது உதவும். அறுவை மில்லுக்கு அனுப்புமுன் காந்தத்தை மரம் முழுக்க ஓட்டி ஆணிகளைப் பிடுங்கிவிடுங்கள். வாள் உடைந்தால் மில்காரர் அடுத்த முறை பழைய மரத்தைத் தொடவே மாட்டார்.

பனங்கையில் உட்காரும் பலகை செய்யாதீர்கள். வெளிக் கறுப்பு வைரம் பாய்ந்தது, உட்புறமோ மென்மையானது, சிராய் ஏறினால் எடுப்பது பாடு. சுவர்ப் பலகையைத் தாங்கும் முட்டுக்கு அது நன்றாகவே உழைக்கும்.

கதவில்தான் எனக்குக் கவலை. வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. உங்கள் கதவின் பச்சை அதற்கு வெகுகாலம் முந்தியதாகவே இருக்கும். அதைக் காய்ந்த நிலையில் தேய்க்கவோ தீயால் சுட்டு உரிக்கவோ வேண்டாம். உரிந்து நிற்பதை மட்டும், முகக்கவசம் அணிந்து, தண்ணீர் தெளித்து ஈர உப்புத்தாளால் எடுத்துவிட்டு, மேலே வார்னிஷ் பூசி மூடுங்கள். குழந்தை இருக்கும் வீடென்றால் கதவையே விட்டுவிடுவது நல்லது.

இணைப்புக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அல்லது பித்தளைத் திருகாணிதான். கடற்காற்றில் இரும்பாணி துருவேறி மரத்தைப் பிளக்கும். உத்திரத்துக்கு வார்னிஷ் வேண்டாம், ஆளிவிதை எண்ணெய் ஒரு பூச்சு போதும். சாம்பல் நிறம் சற்றே கருக்கும் என்பதால் முதலில் அடிப்புறத்தில் பூசிப் பாருங்கள். எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். விரித்து வெளியே காயவிட்ட பிறகே குப்பையில் போடுங்கள்.