மருத்துவ சமூகப் பணி: எங்கே படிப்பது, யாரிடம் கற்பது?
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: உளவியலில் இளங்கலை முடித்திருக்கிறேன். மருத்துவமனையில் சமூகப் பணியாளராக வேலை பார்க்க விரும்புகிறேன். எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலை) படிப்பைப் பல கல்லூரிகள் நடத்துகின்றன. எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?
– வாசகி, திண்டுக்கல்

கல்லூரியின் பெயரையும் கட்டடத்தையும் பார்ப்பதற்கு முன், அங்கே களப்பணி எப்படி நடக்கிறது என்று விசாரியுங்கள். எம்.எஸ்.டபிள்யூ. இரண்டாண்டுப் படிப்பு. பல கல்லூரிகளில் முதலாண்டு பொதுப் பாடங்களும் இரண்டாம் ஆண்டு ‘மருத்துவம் மற்றும் மனநல சமூகப் பணி’ போன்ற சிறப்புப் பாடமுமாக வகுத்திருப்பார்கள். வாரத்தில் இரண்டு நாள் களப்பணி இருக்கும்; அதற்கு மேல் சில வாரங்கள் தொடர் களப்பணியும் உண்டு. ஏட்டில் எல்லாக் கல்லூரிகளும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரியும். வேறுபாடு எங்கே இருக்கிறதென்றால், உங்களை அனுப்புகிற மருத்துவமனையில் முழுநேர மருத்துவ சமூகப் பணியாளர் ஒருவர் இருக்கிறாரா, அவர் வாரம் ஒரு முறையாவது உங்களோடு உட்கார்ந்து பேசுவாரா, நீங்கள் எழுதும் களப்பணி அறிக்கையை யார் வாசித்துத் திருத்துவார் என்பவற்றில்தான். இந்த மூன்றுக்கும் துறைத் தலைவரிடமிருந்து நேரான பதில் வராவிட்டால், மூத்த மாணவர்கள் இருவரிடம் கேட்டுப் பாருங்கள். அவர்கள் மழுப்ப மாட்டார்கள்.

இந்தப் படிப்பு இந்தியாவில் தொடங்கிய காலத்திலிருந்தே மருத்துவமனையோடு ஒட்டியே வளர்ந்தது. பம்பாயில் 1936இல் சர் தோராப்ஜி டாட்டா பெயரில் தொடங்கிய சமூகப் பணிப் பட்டப் பள்ளிதான் இன்றைய டாட்டா சமூக அறிவியல் நிறுவனம். பத்தாண்டு கழித்து, 1946இல், அதே நகரத்தின் ஜே.ஜே. மருத்துவமனையில் நாட்டின் முதல் மருத்துவ சமூகப் பணியாளர் நியமிக்கப்பட்டார். சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையாரின் முயற்சியால் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க் 1952இல் தொடங்கப்பட்டது. இவற்றில் படித்தால்தான் ஆயிற்று என்று சொல்ல வரவில்லை. மாவட்டத் தலைநகரத்துக் கல்லூரி ஒன்றில் நல்ல மேற்பார்வையாளரிடம் சிக்கிக்கொண்ட மாணவி, பெயர்பெற்ற கல்லூரியிலிருந்து மேற்பார்வையே இல்லாத வார்டுக்குப் போய் வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டுத் திரும்பிய மாணவியைவிட நன்றாகத் தேறுவதைப் பல முறை கண்டிருக்கிறேன்.

மேற்பார்வை என்பதை ஓர் எடுத்துக்காட்டால் சொல்கிறேன். பக்கவாதத்தில் வலப்பக்கம் செயலிழந்த சுமை தூக்கும் தொழிலாளி ஒருவர் டிஸ்சார்ஜுக்குத் தயாராக இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாணவி தன் அறிக்கையில் “நோயாளிக்கும் மனைவிக்கும் ஆறுதல் கூறி, பிசியோதெரபியின் அவசியத்தை விளக்கினேன்” என்று எழுதுகிறாள். மேற்பார்வையாளர் அந்த வரியைச் சிவப்பு மையால் அடிக்கோடிட்டு, ஓரத்தில் கேள்விகளை எழுதுகிறார்: என்ன சொல்லி ஆறுதல் கூறினாய்? அதற்கு அந்த அம்மா என்ன பதில் சொன்னார்? கழிப்பறை வீட்டுக்குள் இருக்கிறதா, வெளியே இருக்கிறதா? வாசலில் எத்தனை படி? அந்த அம்மா வேலைக்குப் போய்விட்டால் பகலில் அவரைப் புரட்டிப் படுக்கவைப்பது யார்? பிசியோதெரபிக்கு வர ஆட்டோவுக்கு என்ன செலவாகும், அதை எந்தப் பணத்திலிருந்து எடுப்பார்கள்? மாணவி மறுநாள் மீண்டும் வார்டுக்குப் போய் இவற்றுக்கெல்லாம் பதில் கொண்டுவரும்போதுதான், டிஸ்சார்ஜ் திட்டமிடல் என்று வகுப்பில் படித்த பாடம் அவளுக்குச் சொந்தமாகிறது. ஓரத்தில் சிவப்பு மை இல்லாமல், கையெழுத்து மட்டும் வாங்கித் திரும்பி வருகிற அறிக்கை நோட்டுகள் எந்தக் கல்லூரியில் அடுக்கிவைக்கப்பட்டிருக்கின்றனவோ, அந்தக் கல்லூரியைத் தவிர்த்துவிடலாம்.

கேள்வி: தனியார் மருத்துவமனையில் மூத்த செவிலியராக இருக்கிறேன். நிர்வாகம் என்னை ‘கேஸ் மேனேஜர்’ ஆக்கப்போவதாகச் சொல்கிறது. அமெரிக்காவில் கேஸ் மேனேஜர்களுக்குத் தரும் சி.சி.எம். சான்றிதழ் வாங்கினால் நல்லதா?
– வாசகி, கோயம்புத்தூர்

முதலில், அந்தப் பதவியில் நீங்கள் செய்யப்போவது என்ன என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நம் ஊர்த் தனியார் மருத்துவமனைகளில் இந்தப் பெயரின் கீழ் மூன்று வகை வேலைகள் நடக்கின்றன. சில இடங்களில் அது காப்பீட்டு நிறுவனத்துக்கும், அதன் சார்பில் கோரிக்கைகளைக் கையாளும் டி.பி.ஏ.வுக்கும் முன் அனுமதி கேட்டு அனுப்பும் மேசை வேலை. சில இடங்களில், வெளியூர், வெளிநாட்டு நோயாளிகளை அழைத்துவந்து கவனிக்கும் ஒருங்கிணைப்பு வேலை. மிகச் சில இடங்களில்தான் நோயாளியைச் சேர்த்த நாளிலிருந்து அவர் வீடு திரும்பிய பின்னும் தொடர்ந்து கவனிக்கும் உண்மையான பராமரிப்பு ஒருங்கிணைப்பு. முதல் இரண்டுக்கும் சி.சி.எம். தேவையே இல்லை.

அமெரிக்காவில் இந்த வேலை இவ்வளவு பெரிதாக வளர்ந்ததற்குக் காரணம் அந்த நாட்டின் பண ஏற்பாடு. முதியோருக்கான மெடிகேர் திட்டம், 1983 முதல், நோயாளி தங்கிய நாள்களைக் கணக்கிடாமல் நோயின் வகைக்கு ஏற்ப மருத்துவமனைக்கு ஒரு நிலையான தொகையைக் கொடுக்கத் தொடங்கியது. நோயாளி தேவைக்கு மேல் ஒரு நாள் படுக்கையில் இருந்தால் நட்டம் மருத்துவமனைக்கு என்றானது. மெடிகேர் பணம் பெறும் மருத்துவமனை டிஸ்சார்ஜ் திட்டமிட்டே ஆக வேண்டும் என்று விதியும் இருக்கிறது. ஆகவே, பாதுகாப்பாகவும் காலத்தோடும் வீட்டுக்கு அனுப்பத் தெரிந்த செவிலியர்களும் சமூகப் பணியாளர்களும் அங்கே இன்றியமையாதவர்கள் ஆனார்கள். ஐந்தாண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டிய, அதற்குள் 80 மணி நேரத் தொடர் கல்வி கேட்கிற சி.சி.எம். சான்றிதழ் அந்தச் சூழலுக்கானது. அதன் பாடத்தில் கணிசமான பங்கு அந்நாட்டுக் காப்பீட்டு முறைகளைப் பற்றியது. அமெரிக்கா சென்று வேலை பார்க்கும் எண்ணம் இருந்தால், அங்கே செவிலியர் உரிமம் பெற்ற பிறகு அதைப் பற்றி யோசிக்கலாம்.

இங்கேயே இருக்கப்போகிறீர்கள் என்றால், உங்களுக்குத் தெரிய வேண்டியவை வேறு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்கான ஆண்டு வருமான வரம்பு 1,20,000 ரூபாய். காப்பீட்டு அட்டை இல்லாமல் அவசரமாகச் சேர்க்கப்பட்டவரின் உறவினர் கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கி, குடும்ப அட்டையோடும் ஆதாரோடும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள பதிவு மையத்துக்குப் போக வேண்டியிருக்கும். உடனிருக்கிறவர் ஒருவர் மட்டும் என்றால், அவர் அங்கே போயிருக்கும் நேரத்தில் இங்கே நோயாளிக்குத் துணை யார் என்பதையும் நீங்கள்தான் யோசிக்க வேண்டும். எந்தச் சிகிச்சை காப்பீட்டுத் தொகுப்பில் அடங்கும், எது அடங்காது என்பதை அறுவைக்கு முன்னரே குடும்பத்துக்குச் சொல்லத் தெரிந்த செவிலியருக்கு, சட்டகம் போட்டு மாட்டிய சான்றிதழை விட மதிப்பு அதிகம். மேலதிகமாக ஏதேனும் படித்தே ஆக வேண்டும் என்றால், சமூகப் பணித் துறை நடத்தும் கேஸ்வொர்க் (தனிநபரோடும் குடும்பத்தோடும் பணியாற்றும் முறை) பாடத்தைக் கேளுங்கள். செவிலியர் கல்வியில் உடலை மதிப்பிடக் கற்றிருக்கிறீர்கள். குடும்பத்தை மதிப்பிடுவது தனிப் பயிற்சி.

கேள்வி: மனநல சமூகப் பணியில் எம்.பில். படிக்க நினைத்தேன். எம்.பில். பட்டமே ஒழிக்கப்பட்டுவிட்டது என்கிறார்கள். இனி என்ன செய்வது?
– வாசகர், சேலம்

பல்கலைக்கழக மானியக் குழு தன் 2022 விதிமுறைகளில் எம்.பில். பட்டத்தை நிறுத்தியது உண்மை. ஆனால், மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, மனநல சமூகப் பணியாளர் யார் என்பதை வரையறுக்கும்போது, சமூகப் பணியில் முதுகலையும், மேற்பார்வையுடன் கூடிய மருத்துவப் பயிற்சியை உள்ளடக்கிய இரண்டாண்டு முழுநேர எம்.பில். பட்டமும் வேண்டும் என்கிறது. ஒரு கை கேட்கிற பட்டத்தை இன்னொரு கை எடுத்துவிட்டது. முரண்பாடு சுட்டிக்காட்டப்பட்டதும், மருத்துவ உளவியல், மனநல சமூகப் பணி ஆகிய இரண்டு எம்.பில். படிப்புகளுக்கு மட்டும் 2025–26 கல்வியாண்டு வரை மானியக் குழு நீட்டிப்பு அளித்தது. ஆகவே, பெங்களூரு நிம்ஹான்ஸ், ராஞ்சி மத்திய மனநல நிறுவனம், தேஜ்பூர் கோபிநாத் பர்தலை நிறுவனம் ஆகியவற்றில் எதில் விண்ணப்பித்தாலும், அந்த ஆண்டின் சேர்க்கை அறிவிப்பில் படிப்பின் பெயரையும் அதற்கு உள்ள அங்கீகாரத்தையும் வாசித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். “அதற்குச் சமமானது” என்று வாய்மொழியாகச் சொல்லும் தனியார் டிப்ளமோக்களிடம் எச்சரிக்கை தேவை.

கேள்வி: உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளர் வேலைக்கு எம்.எஸ்.டபிள்யூ. கட்டாயமா? துக்கத்தில் இருக்கும் குடும்பத்திடம் உறுப்பு தானம் கேட்பதை ஒரு வகுப்பில் கற்றுக்கொள்ள முடியுமா?
– வாசகர், மதுரை

கட்டாயம் இல்லை. 1994ஆம் ஆண்டு மனித உறுப்பு மாற்றுச் சட்டத்தின் கீழ் வந்த 2014 விதிகளின்படி, ஒருங்கிணைப்பாளர் மருத்துவப் பட்டதாரியாகவோ செவிலியராகவோ வேறு எந்தப் பட்டதாரியாகவோ இருக்கலாம். பட்டதாரி என்றால், சமூகப் பணி போன்ற துறைகளில் முதுகலை பெற்றிருப்பது விரும்பத்தக்கது. பதிவு பெற்ற மருத்துவமனை ஒருங்கிணைப்பாளர் ஒருவரை வைத்திருந்தே ஆக வேண்டும் என்பதால் இந்த வேலைக்குத் தேவை இருக்கிறது. 1997இல் சென்னையில் தொடங்கப்பட்ட மோகன் ஃபவுண்டேஷன் இதற்கான பயிற்சிகளை நடத்துகிறது. தமிழக அரசின் இறந்தோர் உறுப்பு மாற்றுத் திட்டம் 2008இல் வந்தபின் இங்கு சேர்ந்த அனுபவமே ஒரு பாடநூல் அளவுக்கு இருக்கிறது.

உங்கள் இரண்டாவது கேள்விதான் முக்கியமானது. மூளைச்சாவை நான்கு மருத்துவர்கள் கொண்ட குழு, குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதித்து உறுதி செய்கிறது. அந்த இடைவெளியில் ஐ.சி.யூ. வாசலில் உட்கார்ந்திருக்கும் குடும்பத்தோடு இருப்பதுதான் உங்கள் வேலை. அந்த நேரத்தில் தானத்தைப் பற்றிப் பேசக் கூடாது. மகன் உயிரோடு இல்லை என்பதை மருத்துவர் சொல்ல வேண்டும், குடும்பம் அதைக் கேட்டு, புரிந்துகொள்ள வேண்டும். அதற்கு முன் தானப் பேச்சு எழுந்தால், உறுப்புக்காகத்தான் மகனைக் கைவிட்டார்கள் என்ற எண்ணம் அந்த வீட்டில் ஆயுள் முழுக்க இருக்கும்.

“மானிட்டர்ல கோடு ஓடுதே சார், மார்பு ஏறி இறங்குதே, நீங்க எப்படிச் செத்துட்டான்னு சொல்றீங்க?” என்று தகப்பன் கேட்பார். வென்டிலேட்டர் காற்றைத் தள்ளுகிறது, அதனால் மார்பு அசைகிறது, மூளை நின்றுவிட்டதால் அவன் தானாக மூச்சு விடப்போவதில்லை என்று கலைச்சொல் இல்லாமல் மருத்துவர் சொல்ல வேண்டும். அவர் சொல்லியும் புரியாவிட்டால், அவரை மறுபடி அழைத்துவந்து சொல்லவைக்கும் துணிவு ஒருங்கிணைப்பாளருக்கு வேண்டும். இதை வகுப்பில் கற்க முடியும். ஒருவர் தகப்பனாகவும் ஒருவர் கோபக்கார மாமனாகவும் நடிக்க, மற்றவர் பேசிப் பழகும் பயிற்சியைப் பலர் நாடகம் என்று கேலி செய்வார்கள். ஆனால், சொல்லக் கூடாத சொல் உங்கள் வாயிலிருந்து முதல் முறை வரும் இடம் அந்த வகுப்பாக இருப்பதே எல்லோருக்கும் நல்லது. குடும்பம் மறுத்துவிட்டால் அதற்குப் பின்னும் அதே பரிவோடு பிரேதப் பரிசோதனை, காவல் நிலையக் காகிதங்கள், அமரர் ஊர்தி வரை உடன் இருந்து முடித்துக் கொடுங்கள். உங்கள் பயிற்சி எப்படிப்பட்டது என்பது அப்போதுதான் தெரியும்.

கேள்வி: மட்டக்களப்பில் இருக்கிறேன். மருத்துவ சமூகப் பணி படிக்கத் தமிழ்நாட்டுக்கு வருவது நல்லதா?
– வாசகி, மட்டக்களப்பு

இலங்கையில் தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகம் டிப்ளமோ முதல் முதுகலை வரை சமூகப் பணியைக் கற்பிக்கிறது. ஊரிலேயே வேலை செய்வதாக இருந்தால், களப்பணியை அங்கே செய்வதே மேல் என்பது என் கருத்து. இங்கே எங்கள் மாணவர்கள் காப்பீட்டு அட்டையோடு மல்லுக்கட்டுவார்கள். உங்களுக்கு அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். நீங்கள் அறிய வேண்டியது பிரதேச செயலகமும், குறைந்த வருமானக் குடும்பங்களுக்காக 2023 முதல் நடைமுறையில் உள்ள அஸ்வெசும கொடுப்பனவும்.

கேள்வி: அரசு மருத்துவமனையில் மருத்துவ சமூகப் பணியாளராக இருக்கிறேன். மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் தொடர் கல்வி இருக்கிறது. எங்களுக்கு யாரும் எதுவும் நடத்துவதில்லை. என்ன செய்வது?
– வாசகர், தஞ்சாவூர்

2021இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணை மற்றும் சுகாதாரத் தொழில் வல்லுநர்களுக்கான தேசிய ஆணையச் சட்டம், மருத்துவ, மனநல சமூகப் பணியாளர்களையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. பதிவேடு, பாடத்திட்டத் தரம் ஆகியவை அந்த ஆணையத்தின் வழியாகவும் மாநில மன்றங்களின் வழியாகவும்தான் வர வேண்டும். மாநிலப் பதிவு உங்கள் பணிப் பிரிவுக்குத் திறக்கும்போது முதல் ஆளாகப் பதிந்துகொள்ளுங்கள்.

அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. காலையில் குத்துவிளக்கு, சால்வை, நினைவுப் பரிசு, மாலையில் சான்றிதழ் என்று முடிகிற ஒருநாள் பயிலரங்குகளை நான் கல்வியாகவே கணக்கில் எடுப்பதில்லை. அதற்குப் பதிலாக, உங்கள் ஆர்.எம்.ஓ.விடம் (மருத்துவமனையின் நிலைய மருத்துவ அலுவலர்) மாதம் ஒரு மதியம், ஒரு மணி நேரம், ஓர் அறை கேளுங்கள். உங்களோடு ஐ.சி.டி.சி. (எச்.ஐ.வி. ஆலோசனை, பரிசோதனை மையம்) ஆலோசகர், காசநோய்ப் பிரிவின் சுகாதாரப் பார்வையாளர், காப்பீட்டுப் பிரிவு அலுவலர், ஒரு மூத்த ஸ்டாஃப் நர்ஸ் ஆகியோர் போதும். டிஸ்சார்ஜ் ஆகி ஒரு மாதத்துக்குள் அதே நோய்க்காகத் திரும்பச் சேர்க்கப்பட்ட ஒரு நோயாளியின் கேஸ் ஷீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பெயரை மறைத்துவிடுங்கள். வீட்டுக்குப் போன அன்று அவர் கையில் என்னென்ன மாத்திரைகள் இருந்தன, எத்தனை நாளுக்கு இருந்தன, அவற்றை எடுத்துக்கொடுத்தவர் யார், தீர்ந்தபின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதே மாத்திரை கிடைத்ததா என்று வரிசையாகக் கேட்டுப் போங்கள். இன்னார் தவறு என்று பேச்சு திரும்பினால் நிறுத்திவிடுங்கள். அப்படித் திரும்பிய கூட்டத்துக்கு அடுத்த மாதம் நர்ஸ் வர மாட்டார்.

கூட்டத்தின் முடிவில் ஒரே ஒரு மாற்றத்தை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள்: டிஸ்சார்ஜ் சீட்டில் கிராம சுகாதார செவிலியரின் தொலைபேசி எண்ணைச் சேர்ப்பது என்ற அளவுக்குச் சின்னதாக இருந்தால் போதும். அருகிலுள்ள சமூகப் பணிக் கல்லூரியின் களப்பணி மாணவர்களையும் அந்த ஒரு மணி நேரத்துக்கு உட்கார அனுமதியுங்கள். குறிப்பெடுக்கும் வேலையை அவர்களிடம் கொடுத்துவிடலாம்.