மழைப் பக்கத்தில் ஆமைக்கு வெளிக்கொட்டில்: கேள்வி பதில்

பாலக்காட்டுக் கணவாயிலும் கம்பம், மறையூர், செங்கோட்டைப் பக்கமும் நில ஆமை வளர்ப்பவர்களின் கேள்விகள் இவை. வெளிநாட்டுப் புத்தகங்கள் குளிரையும் வெயிலையும் பற்றி நிறையச் சொல்கின்றன. நம் பக்கத்தில் கொட்டிலைக் கெடுப்பது தேங்கும் தண்ணீர்தான். அதனால் எல்லாப் பதில்களிலும் வடிகாலுக்கே முதலிடம்.

கொழிஞ்சாம்பாறை: அண்ணா, சுல்காட்டாங்கற ஆப்பிரிக்க நில ஆமை ஒண்ணு இருக்குங்க, ஓடு ஒன்றரை அடி. எங்களுது கரிசல் மண்ணு. கம்பி வேலி போட்டாப் போதுங்களா?

கம்பி வேலி வேண்டாங்க. வெளியே இருப்பது கண்ணில் பட்டால் அதை நோக்கியே நாள் முழுக்க முட்டும். மூக்கும் முன்னங்காலும் புண்ணாகும், வேலியும் சாயும். வெளியே தெரியாத சுவர்தான் வேண்டும். முழுதாக வளர்ந்த ஆண் 40 கிலோவைத் தாண்டும், அந்த எடைக்கு இப்போதே கட்டிவிடுங்கள்.

30 அடிக்கு 20 அடி என்று வையுங்கள். 16 அங்குல ஹாலோ பிளாக் ஒரு வரிசைக்கு 75 ஆகும். மண்ணுக்குள் இரண்டு வரிசை, மேலே மூன்று. மொத்தம் 375, உடைசலுக்கு 15 சேர்த்து வாங்குங்கள். கரிசல் மழையில் உப்பி வெயிலில் வெடிக்கும், அதோடு சுவரும் விரியும். அதற்காக வாணத்தை (அஸ்திவாரக் குழியை) இரண்டேகால் அடி ஆழம் எடுத்து, அடியில் 6 அங்குலம் கிராவல் கொட்டித் திமிசு போட்டு இறுக்கி, மேலே 4 அங்குலம் 1:4:8 (சிமெண்ட், மணல், ஜல்லி) கான்கிரீட் போட்ட பிறகே கல் வையுங்கள். மண்ணுக்குள் இருக்கும் இரண்டு வரிசையின் ஓட்டைகளையும் கான்கிரீட்டால் நிரப்ப வேண்டும். வெறுமனே விட்டால் எலி குடியேறும், முட்டுக்கும் தாங்காது.

சுல்காட்டா தோண்டுவதில் கெட்டி. பெரும்பாலும் சுவரை ஒட்டித்தான் தொடங்கும். சுவரின் உட்பக்கம் சுற்றிலும் 2 அடி அகலத்துக்குக் கடப்பாக் கல் பரப்பி, மேலே அரை அடி மண் போட்டு மூடுங்கள். சுமார் 185 சதுர அடிக் கல் பிடிக்கும். வெல்ட் மெஷ் புதைத்தால் இரண்டு மழைக்காலத்தில் துருப்பிடித்து, அறுந்த கம்பி நகத்தைக் கிழிக்கும். ஏறித் தப்பிப்பது மூலையில்தான். நாலு மூலையிலும் சுவர் மேல் ஒரு பலகைக் கல்லை உள்நோக்கி 3 அங்குலம் நீட்டி வையுங்கள்.

உள்ளே இருக்கும் கரிசலை ஓரடி ஆழம் வழித்தெடுத்துவிட்டு நாலு யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி) செம்மண்ணும் இரண்டு யூனிட் ஆற்று மணலும் கலந்து நிரப்புங்கள். 30 அடி நீளத்துக்கு அரை அடி வாட்டம் இருக்கட்டும். தாழ்ந்த பக்கச் சுவரில் 4 அங்குல பிவிசி குழாய் வைத்து வாயில் கம்பி வலை கட்டுங்கள். இந்தக் குழாயை மறந்துவிட்டு ஐப்பசியில் சுவரை உடைப்பவர்கள் நிறையப் பேர்.

செங்கோட்டை: அண்ணாச்சி, ஆனி ஆடி சாரல்ல சுல்காட்டா தோண்டுன வளைக்குள்ள தண்ணி நிக்கி. என்ன செய்யலாம்?

சகாரா ஓரத்து வறண்ட நிலத்து ஆமை அது. வெப்பத்திலிருந்து தப்பத்தான் அங்கே ஆழமாக வளை தோண்டுகிறது. உங்கள் ஊரில் அதே வளை கிணறாகிவிடும், ஈர மண் சரிந்து ஆமையை உள்ளே மூடவும் செய்யும். வளையை மூடிவிட்டுத் தரைக்கு மேலே ஒன்று செய்து கொடுங்கள். 3 அடி விட்டமுள்ள சிமெண்ட் குழாயைத் தரைமீது படுக்க வைத்து, வாய்ப்பக்கம் 2 அங்குலம் தாழ்த்தி, பின்பக்கத்தைக் கல் வைத்து அடைத்து, மேலே ஒன்றரை அடி மண் குவித்து அருகம்புல் பதியுங்கள். வாய் தெற்குப் பார்க்கட்டும். சாரல் மேற்கிலிருந்தும் ஐப்பசி மழை கிழக்கிலிருந்தும் அடிக்கும், இரண்டுக்கும் தப்பும். வாய்க்கு மேல் 2 அடி சாய்ப்பு கட்டாயம்.

குளிர் மட்டும், அல்லது ஈரம் மட்டும் என்றால் பெரும்பாலும் தாங்கும். இரண்டும் சேர்ந்தால் நெஞ்சில் சளி கட்டும். மூக்கில் குமிழ், வாயைத் திறந்து மூச்சு, கழுத்தை நீட்டிக்கொண்டே இருப்பது, இதில் ஒன்றைக் கண்டாலும் அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் கொண்டு போங்கள். இரவில் உள்ளே 20 டிகிரிக்குக் கீழே போகும் நாட்களில் 100 வாட் செராமிக் ஹீட்டரைக் கம்பிக் கூண்டுக்குள் போட்டு, ஓட்டிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் தெர்மோஸ்டாட்டோடு மாட்டுங்கள். ஆமை இழுக்கும் இடத்தில் ஒயர் தொங்கக் கூடாது.

கிணத்துக்கடவு: மழைக்காக மொத்தக் கொட்டிலுக்கும் பிளாஸ்டிக் ஷீட் போட்டுட்டா?

கூடாதுங்க. ஓடு கெட்டிப்படப் புற ஊதாக் கதிர் நேராகப் படவேண்டும். கண்ணாடியும் பாலிகார்பனேட் பிளாஸ்டிக் ஷீட்டும் அதைத் தடுத்துவிடும். பாதிக்கு 50 சதவீத நிழல்வலை, மீதி திறந்த வெளி. தகரக் கூரையும் வேண்டாம், சித்திரையில் அடுப்பாகும்.

கொல்லங்கோடு: செங்கால் ஆமை ரெண்டு. தென்னந்தோப்புல விடலாமாங்க?

உங்கள் ஈரக் காற்று சுல்காட்டாவைவிட இதற்குத்தான் பொருத்தம். இரண்டுக்கு 12 அடிக்கு 8 அடி போதும், சுவர் ஒன்றரை அடி, உட்பக்கம் வழவழவென்று பூசியிருக்க வேண்டும், இது ஏறும். தரையில் காய்ந்த இலைச் சருகு 3 அங்குலம். ஆனால் தென்னைக்கு நேர்கீழே வேண்டவே வேண்டாம். தேங்காய் விழுந்தால் ஓடு பிளக்கும். தோப்பில் எலி மருந்தோ குருணை மருந்தோ போட்டிருந்தால் வேறு இடம் பாருங்கள். சுல்காட்டாவோடு ஒரே கொட்டிலில் சேர்க்காதீர்கள், உணவும் ஈரத் தேவையும் வேறு, நோயும் பரவும்.

கம்பம்: குட்டி மூணு அங்குலம்தான் இருக்கு. எப்ப வெளிய விடலாம்ணே?

காக்காய், கீரி, பெருச்சாளி, உடும்பு நாலுக்கும் அது ஒரு வாய். மேலே அரை அங்குலக் கண் வலை போட்டு, பூட்டும் மூடி வைத்த 4 அடிக்கு 2 அடிப் பெட்டியில், காலை வெயிலில் ஒரு மணி நேரம், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். பாதிப் பெட்டி நிழல். குட்டிக்கு ஈரம் குறைந்தால் ஓடு கூம்பு கூம்பாக எழும், பிறகு சரியாகாது. தினமும் தாடை மட்டம் தாண்டாத வெதுவெதுப்பான நீரில் கால் மணி நேரம் வையுங்கள்.

வேலந்தாவளம்: உள்ளே என்ன செடி வைக்கலாங்க?

அருகம்புல், செம்பருத்தி, மல்பெரி, முள் நீக்கிய சப்பாத்திக்கள்ளி. சுல்காட்டாவுக்குச் சாப்பாட்டில் பத்தில் எட்டுப் பங்கு புல்லாக இருக்கட்டும், பழம் வேண்டாம். கால்சியத்துக்கு நாட்டுமருந்துக் கடையில் கிடைக்கும் கடல்நுரையை ஒரு துண்டு போட்டுவிடுங்கள், தானே கடிக்கும். அரளி, உன்னி, ஊமத்தை, குரோட்டன்ஸ், மரவள்ளி இலை எதுவும் கொட்டிலுக்குள்ளும் சுவரோரத்திலும் இருக்கக் கூடாது.

மறையூர்: சோலைக்காட்டு ஓரமா நட்சத்திர ஆமை கிடைச்சுது. அதையும் இதே மாதிரி வச்சுக்கலாமா?

முடியாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் உயிர் அது, வீட்டில் வைத்தால் குற்றம். உடனே வனத்துறையிடம் ஒப்படையுங்கள். உங்கள் பக்கத்துச் சின்னாறு அதன் சொந்தக் காடு. வெளிநாட்டு ஆமைகளையும் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்தே வைத்திருக்க வேண்டும்.

கிணத்துக்கடவு, மறுபடியும்: ஆமை மல்லாந்து கிடந்துச்சு, எடுத்து நிமிர்த்திட்டேன். வேற ஏதாச்சும் பாக்கணுங்களா?

வெயிலில் கிடந்திருந்தால் நிழலுக்குக் கொண்டுபோய் ஆழமில்லாத நீரில் விடுங்கள், ஐஸ் தண்ணீர் வேண்டாம். சுற்றிவர ஒரு நடை நடந்து பாருங்கள். கவிழ்வது பெரும்பாலும் இந்த மாதிரி இடத்தில்தான் நடக்கும்: செங்குத்தான படி, சுவரோரக் கல், அல்லது விளிம்பு உயர்ந்த தண்ணீர்த் தொட்டி. தொட்டியைத் தரை மட்டத்துக்குப் புதைத்து, ஒரு பக்கம் சரிவாகப் பூசி, ஆழம் 2 அங்குலத்தோடு நிறுத்துங்கள். ஆண் இரண்டு ஒன்றாக இருந்தால் ஒன்றையொன்று கவிழ்க்கும், நடுவே சுவர் எழுப்பிப் பிரித்துவிடுங்கள்.